ஆணி இல்லாத மேஜை

மேஜை சிக்கிக்கொண்ட சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. மரம் சுவரில் உரசியது. கைப்பிடிக் கம்பியில் மோதி ஒரு 'ணங்'. அதற்குப் பிறகு மௌனம். அந்த மௌனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவள் புருஷன் ஒரு தப்பைச் செய்துவிட்டால் இப்படித்தான், சுற்றியிருக்கிற காற்றும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொள்ளும்.

அடுப்பை அணைத்தாள். முட்டை இன்னும் வேகவில்லை. பரவாயில்லை, கொதித்த தண்ணீரில் கிடந்தே வேகட்டும் என்று மூடி வைத்தாள்.

அன்று அரைநாள் லீவு போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. எதிரெதிராக இரண்டு பேர் நின்று மூலைகளைப் பிடித்து, இழுத்து, உதறி, கிட்டே வந்து சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அரைநாள் லீவு என்றால் இருநூறு விரிப்பின் கூலி போனது போனதுதான். ஆனாலும் இன்றைக்கு அவள் வேலைக்குப் போக முடியாது.

காரணம் ஜன்னலோரம் தலைவாரிப் பின்னிக்கொண்டு, சீருடை இல்லாத நல்ல உடுப்பில் உட்கார்ந்திருந்தது. பதினோரு வயது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. பென்சிலின் பின்பக்கத்தைக் கொறித்துக் கொறித்து வாங்கிய 'அணில்' என்ற பெயர்தான் கட்டிடம் முழுக்கப் புழங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வில் நாற்பது பேரை எடுத்திருந்தார்கள். அணில் முப்பத்தேழாவது. சேர்க்கைப் பணம் ஆறாயிரம். இன்று மாலை நான்கு மணிக்குள் கட்ட வேண்டும். தவறினால் நாற்பத்தொன்றாவது பிள்ளை உள்ளே வந்துவிடும்.

மூவாயிரத்தை அவள் சேர்த்துவிட்டாள். மற்ற மூவாயிரம் அப்பன் பங்கு. பத்து மணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான்.

"அப்பா வந்துட்டாரும்மா," என்றாள் அணில்.

"சத்தத்தப் பாத்தா அப்பா மட்டும் வரல."

இறங்கிப் போனாள். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில், படியின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு மேஜை சாய்வாக நின்றிருந்தது. இரண்டு கால்கள் கம்பிக்கு அந்தப் பக்கம். ஒரு கால் சுவரில் குத்தி, சுண்ணாம்பைப் பெயர்த்திருந்தது. இன்னொன்று ஆகாயத்தில். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கரையொதுங்கிய மிருகம் போல இருந்தது.

அதன் இந்தப் பக்கம், மேல்படியில், மேஜையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மீட்டர் நின்றிருந்தார். ஊரெல்லாம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவர். இரண்டாம் மாடிவாசி. அந்தப் பக்கம், கீழ்ப்படியில், மேஜைக்கு மேல் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிய, காதில் சொருகிய பென்சிலோடு அவள் புருஷன், தச்சன்.

"என்னண்ணே இது?" என்றாள் மீட்டரிடம்.

"நான் பாட்டுக்கு டீ குடிக்க இறங்கிட்டிருந்தேம்மா. அண்ணே ஒரு கை கொடுங்கன்னான். கொடுத்தேன். இப்ப அந்தக் கையத் திருப்பிக் கேட்டா மேஜ தர மாட்டேங்குது."

"விட்டுடுங்க. அது எங்கயும் போகாது."

மீட்டர் மெதுவாகக் கையை எடுத்தார். மேஜை அசையவில்லை.

அவள் மேஜையின் மீது இரண்டு கைகளையும் ஊன்றினாள். கடையில் சாமான் வாங்க நிற்பவள் போல நின்றுகொண்டு கேட்டாள்.

"பணம் எங்க?"

"முதல்ல மேஜையப் பாரேன்," என்றான் தச்சன்.

"பாத்தேன். நாலு காலு இருக்கு. பணம் எங்க?"

"படிக்கப் போற பொண்ணுக்கு மேஜ வேணாமா? ஒரு ஆணி இல்ல, ஒரு திருகு இல்ல. பூராவும் நாக்கு வச்சு, துளையில இறக்கிப் பூட்டுனது. பேரப்பிள்ள காலத்துக்கும் ஆடாது."

"எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடத்த இதுல வச்சுப் படிக்கிறது? அதச் சொல்லு முதல்ல."

இவர்கள் ஒன்றாக இருந்த காலத்தில், எத்தனை சண்டை வந்தாலும் அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். பிரிந்த மறுநாளிலிருந்து 'நீ' ஆகிவிட்டது. அவனுக்கு அது இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு 'நீ'க்கும் கண்ணை ஒரு தரம் சிமிட்டுவான்.

"மருந்துக்கடைக்காரரு அலமாரிக்கு அஞ்சாயிரம் தரணும்," என்றான். "அடுத்த வாரம்னுட்டாரு."

"கேட்டியா?"

"போய் நின்னேன்."

"நின்னா அது கேக்கறதா? வாயத் தொறந்து கேட்டியா?"

"கடையில கூட்டமா இருந்துச்சு..."

"கூட்டம் இல்லாதப்ப?"

"அப்ப அவரு சாப்பிட்டுட்டு இருந்தாரு."

மீட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவன் குடிகாரன் இல்லை. சீட்டாட மாட்டான். கை நீட்டியதில்லை. இவளுடைய அக்கம்பக்கத்தில் புருஷனை விட்டுவந்த பெண்கள் சொல்கிற காரணங்களில் ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தாது. அதனால்தான் அவளால் யாரிடமும் விளக்க முடியவில்லை. அவனுக்கு வேலை செய்யத் தெரியும், செய்த வேலைக்குக் கூலி கேட்கத் தெரியாது. "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்தால் ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு போட்டான். அந்தக் கதவுகளெல்லாம் நன்றாகச் சாத்தின. இவர்கள் வீட்டுக் கதவைத்தான் வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்து வந்து தட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக அவள் தன் காதில் கிடந்ததைக் கழற்றி விற்று வாடகை கொடுத்த அன்று, அவன் யாருக்கோ ஒரு தொட்டிலை இறக்கிவிட்டு வெறுங்கையோடு சந்தோஷமாக வந்தான். "பிள்ள சிரிச்சுது, பாத்தியா!" என்றான். அவள் மறுநாள் அணிலைக் கூட்டிக்கொண்டு இந்த மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டாள்.

பெரியவர்கள் நான்கு பேர் கூடிப் பேசி, மாதம் பிறந்தால் பிள்ளைக்கு இவ்வளவு என்று முடிவானது. அவனும் மனமாரத் தலையாட்டினான். மாதம் தவறியதும் இல்லை. முதல் மாதம் ஒரு முக்காலி. அடுத்த மாதம் பென்சில் பெட்டி. பிறகு செருப்பு வைக்கிற தட்டு, துணி மாட்டுகிற கட்டை, இன்னொரு முக்காலி. மாதாமாதம் மரமாக வந்துகொண்டிருந்தது. படிக்கட்டு முனையில் வாங்கிக்கொண்டு அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டு வாசலை அவன் இன்றுவரை தாண்டியதில்லை. முக்காலியைச் சோற்றில் போட்டுப் பிசைய முடியுமா?

வெளியே இடி புரண்டது. படிக்கட்டுச் சாளரத்தின் வழியாக ஈரக்காற்று வந்தது. மழை பிடித்துக்கொண்டது.

"சரி, கீழ இறக்கு. எனக்கு வழி விடு. பள்ளிக்கூடத்துல கால்ல விழுந்தாவது ஒரு நாள் கேட்டுப் பாக்கறேன்."

தச்சன் கீழே இழுத்தான். மேஜை முனகியது. மேலே தள்ளினான். அதற்கும் முனகியது. மேஜையைச் சுற்றி வந்து பார்க்கலாமென்றால் சுற்றி வரவும் இடமில்லை. நெற்றியில் வேர்வை.

"அளந்துதான செஞ்சே?" என்றார் மீட்டர். "தச்சன் அளக்காம ஆப்புகூடச் செதுக்க மாட்டானே."

"அளந்தேண்ணே. அஞ்சடிக்கு ரெண்டரை. கரெக்டா இருக்கும்."

"எதுக்குக் கரெக்டா இருக்கும்? இந்தப் படிக்கா, மேல இருக்கற ரூமுக்கா?"

அவன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி அதே காதில் வைத்தான்.

"யாரு வீட்டு அளவுப்பா இது?"

"ஜன்னல்லேந்து... அலமாரி வரைக்கும்," என்றான் மெதுவாக. "வெளிச்சம் எடது பக்கம் வரணும்ல, எழுதறதுக்கு."

மூன்றாம் மாடி அறையில் அலமாரி கிடையாது. ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கே நான்கடிதான். அவளுக்கு உடனே புரிந்தது. ஜன்னலும், இடப்பக்க வெளிச்சமும், அலமாரியும் அந்தப் பழைய வீட்டில் இருந்தன. அணில் பிறந்த வருஷம் அந்தச் சுவரைக் காட்டி, "இவ வளந்து பள்ளிக்கூடம் போறப்ப இங்க ஒரு மேஜ போடணும்" என்று அவள்தான் சொன்னாள். சொன்னதை அவளே மறந்துவிட்டாள். அவன் அந்த அளவை மனசில் பதினோரு வருஷமாக வைத்திருந்து, இப்போது செய்து எடுத்து வந்திருக்கிறான்.

அவள் மேஜையிலிருந்து கைகளை எடுத்தாள்.

"அந்த வீட்டுல இப்ப வேற ஆளுங்க இருக்காங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தணிவாக வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ரம்பம் இருக்கா?"

"எதுக்கு?"

"கால அறு. மணி பன்னெண்டாகப் போகுது."

"நல்ல மரம்..."

"நல்ல பொண்ணு ஒருத்தி மேல உக்காந்திருக்கா. ரெண்டுல எது வேணும்?"

அதற்குள் அந்த நல்ல பெண்ணே இறங்கி வந்து, யாரும் சொல்லாமல் குனிந்து மேஜைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்பன் முகம் மழைக்கு நடுவே வெயில் அடித்தது போல ஆனது. அணில் மேஜையின் விளிம்பைத் தடவினாள். பென்சில் உருண்டு விழாமலிருக்க நீளமாக ஒரு பள்ளம் எடுத்திருந்தான்.

"இது எனக்கா?"

"உனக்குத்தான். பல்லு போடாத, வார்னிஷ் கசக்கும்."

"அப்பா, ஸ்கூல்ல மேஜ இருக்கும்ப்பா. ஆனா ஸ்கூலு வேணும்ல?"

அவன் பெட்டியைத் திறந்து ரம்பத்தை எடுத்தான். ஆகாயத்தில் நின்ற காலின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டான். கோணல். அழித்துவிட்டு மறுபடி போட்டான். அறுக்கப் போகிற காலுக்கு எதற்கு நேர்க்கோடு என்று மேலே நின்றவளுக்கு எரிச்சலாகவும், பார்க்கச் சகிக்காததாகவும் இருந்தது.

அப்போதுதான் முதல் மாடிக் கதவு திறந்து டெய்லரக்கா வெளியே வந்தாள். கழுத்தில் அளவு நாடா, ஒரு கை இடுப்பில். இருபது வருஷமாகத் தரையில் குனிந்து துணி வெட்டுகிறவள். உட்கார்ந்தால் எழும்போது சுவரைப் பிடிப்பாள். எழுந்தால் நிமிரும்போது கடவுளைப் பிடிப்பாள்.

"என்னப்பா, கட்டடத்த இடிக்கறீங்களா?" என்று கேட்டபடி நாலு படி ஏறியவள் நின்றுவிட்டாள். மேஜையின் பலகையை உள்ளங்கையால் ஒரு முறை நீவினாள். துணியின் தரம் பார்க்கிற நீவல் அது.

"வழவழன்னு இருக்கே. துணி மாட்டாது," என்று தனக்குள் சொன்னாள். இடுப்பிலிருந்த கை மேஜை உயரத்துக்கு வந்து, தன் வயிற்றருகே எவ்வளவு என்று பார்த்துக்கொண்டது.

தச்சன் பார்த்தான். மேலே நின்றவளும் பார்த்தாள். ஆனால் அவன் வாய் முந்திவிட்டது.

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கங்கக்கா. காசெல்லாம் அப்புறம்..."

"வாயத் தொறக்காத!"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

அவள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். குரலைக் கீழே இறக்கி, அதில் கொஞ்சம் தேனும் தடவினாள்.

"அக்கா, இவங்க அப்படித்தான், விளையாட்டா பேசுவாங்க. இவங்க கைல ஒரு மேஜ வாங்கணும்னா ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும். வெளியில இந்த மரத்துக்கு எட்டாயிரம் சொல்றாங்க."

'இவங்க' என்ற சொல்லைக் கேட்டு தச்சன் கண்ணைச் சிமிட்டக்கூட மறந்துபோனான். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. தொழில்காரனுக்கு விலை சொல்லும்போது மரியாதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மரியாதை குறைந்தால் விலையும் குறையும்.

"எட்டாயிரமா!" டெய்லரக்கா நெஞ்சில் கை வைத்தாள். "எட்டாயிரத்துக்கு மேஜ தானா துணி வெட்டுமா தங்கச்சி?"

"வெட்டாது. உங்க இடுப்ப வெட்டாம இருக்கும். போன மாசம் டாக்டருக்கு எவ்ளோ கொடுத்தீங்க?"

"அதச் சொல்லாத."

"ஆணி கெடயாது பாருங்க. சீலத் துணி இழுத்துப் போட்டாலும் ஒரு நூல் மாட்டாது."

"மூவாயிரம்," என்றாள் டெய்லரக்கா.

"அஞ்சு."

"படில மாட்டிக்கிட்ட மேஜக்கு அஞ்சா? நான் வாங்கலேன்னா இதக் கூரையப் பிச்சுத்தான் எடுக்கணும்."

"நீங்க வாங்கலேன்னா இது இங்கயேதான் இருக்கும். நாளைக்கு உங்க கஸ்டமரெல்லாம் பின்பக்கமாவா பறந்து வருவாங்க?"

மீட்டர் தாங்க மாட்டாமல் நடுவில் புகுந்தார். "இந்தாங்க, நான் முப்பது வருஷம் ரீடிங் எடுத்தவன். முள்ளு எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். நாலாயிரத்து ஐநூறு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்கன்னா நான் டீ குடிக்கப் போவேன்."

டெய்லரக்கா யோசித்தாள். "கைல மூவாயிரத்து ஐநூறுதான் இருக்கு. மிச்சத்துக்கு..." அணிலை மேலும் கீழும் பார்த்தாள். "புது ஸ்கூலுக்கு யூனிபார்ம் வேணும்ல? ரெண்டு செட்டு தெச்சுத் தர்றேன். துணி என்னோடது."

மாதாமாதம் மரமாக வந்ததற்கு அவனைக் கிழித்தவள், இப்போது துணியாக வருவதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். ஆனால் முக்காலி வேறு, சீருடை வேறு. இது கேட்காமல் வந்தது அல்ல. பேசி வாங்கியது.

"பாவாட வளர வளர எறக்கி விடற மாதிரி, மடிச்சு அடிக்கணும்," என்றாள்.

"நாலு விரக்கட மடிச்சு அடிக்கறேன்."

"அப்ப சரி. பணம் மேல வரட்டும், மேஜ கீழ வரும்."

டெய்லரக்கா உள்ளே போய் நோட்டுகளோடு வந்தாள். அணில் அதை வாங்கிக்கொண்டு மறுபடி மேஜைக்கடியில் புகுந்து அம்மாவிடம் கொண்டுவந்தாள். அவள் எண்ணி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தச்சன் தன் மேஜைக்கடியில் தன் மேஜையின் விலை ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் செய்த ஒரு பொருளுக்கு, இறக்கி வைப்பதற்கு முன்பே பணம் வந்தது அன்றுதான் முதல் தடவை.

"இப்ப தூக்கலாமா?" என்றான்.

"முதல்ல அக்கா வீட்டுக் கதவ அள."

அவன் தலைகுனிந்து போய் அளந்துவிட்டு வந்தான். "படுக்க வச்சு, காலு உள்ள போயி, அப்புறம் நிமித்தணும். ஒரு விரக்கட இடம் இருக்கு."

"நல்லது."

அவள் மேலே ஓடிப்போய் ஒரு சோப்புக்கட்டியும், பழைய விரிப்பொன்றும் கொண்டுவந்தாள். சுவரில் குத்தியிருந்த காலிலும் கம்பி பட்ட இடத்திலும் சோப்பை ஈரம் தொட்டுத் தேய்த்தாள். சலவைக்கூடத்தில் இயந்திரக் கதவு மாட்டிக்கொண்டால் செய்கிற வைத்தியம். பிறகு விரிப்பை மேஜைக்கு அடியில் விட்டு, இரண்டு மூலைகளைத் தன் கையில் முறுக்கிக்கொண்டாள். மற்ற இரண்டையும் அணில் அந்தப் பக்கம் கொண்டுபோய் அப்பனிடம் கொடுத்தாள்.

"நான் சொல்றப்பதான் தூக்கணும். உன் இஷ்டத்துக்கு முறுக்காத," என்றாள். 'நீ' திரும்பி வந்துவிட்டது. "நனைஞ்ச விரிப்பு மாதிரிதான் இது. பலம் வேணாம், ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும். பிடி... தூக்கு... திருப்பு... இறக்கு."

முதல் தரம் வரவில்லை. அவன் அவசரப்பட்டான். இரண்டாம் தரம் அவள் அவசரப்பட்டாள். மூன்றாம் தரம் 'பிடி' என்றதும் விரிப்பின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் விறைத்தது. மேஜை ஒரு பெருமூச்சு போல வழுக்கி, கம்பியை விட்டுக் காலை உருவிக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் படியில் இறங்கி நின்றது.

"இவ்ளோதானா!" என்று கேட்டுக்கொண்டே மீட்டர் அதைத் தாண்டி, மழையைக்கூடப் பார்க்காமல் டீக்கடைக்கு ஓடினார்.

அவளும் நிற்கவில்லை. உரித்த முட்டையை ஆளுக்கொன்று கையில் எடுத்துக்கொண்டு, ஒரு குடையில் இரண்டு பேராகப் பேருந்தில் ஏறினார்கள். பாலத்தில் நெரிசல். மழையில் வண்டிகள் நகரவில்லை. அணில் முட்டையைத் தின்னாமல் வைத்துக்கொண்டு பேருந்தின் கடிகாரத்தையே பார்த்தாள். ஆற்றின் நடுவில் மூன்று மணி ஆனது. பள்ளி அலுவலகத்தில் போய் நின்றபோது மூன்றே முக்கால். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த எழுத்தர், நனைந்த இருவரையும் நனையாத நோட்டுகளையும் பார்த்துவிட்டு, முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே முத்திரை குத்தினார். அணில் அப்போதுதான் முட்டையைக் கடித்தாள்.

திரும்பி வரும்போது தச்சன் முதல் மாடியில் இருந்தான். மேஜை டெய்லரக்காவின் ஜன்னலோரம் நின்றது, வெளிச்சம் இடப்பக்கமாக. ஒரு காலடியில் மெல்லிய ஆப்பு ஒன்றை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டியாச்சா?" என்றான்.

"கட்டியாச்சு."

அவன் ஆப்பை இன்னொரு தட்டு தட்டினான்.

அணில் நேராக டெய்லரக்காவிடம் போனாள். "அக்கா, நீங்க எத்தன மணி வரைக்கும் துணி வெட்டுவீங்க?"

"அஞ்சு மணிக்கு மேல கண்ணு தெரியாது. மெஷின்லதான் உக்காருவேன். ஏன்?"

"அஞ்சுலேந்து ஏழு வரைக்கும் மேஜ சும்மாதான இருக்கும்? நான் இங்க உக்காந்து எழுதட்டுமா? கீழ விழற துணியெல்லாம் பெருக்கித் தர்றேன். பென்சில் பள்ளம் உங்களுக்கு எதுக்கும் ஆகாதுல்ல."

டெய்லரக்கா வாயில் கை வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். "இது யாரு மாதிரின்னு கேக்கவே வேணாம்."

தச்சன் சிரித்தான். அவளும் சிரிக்காமலிருக்க வேறு பக்கம் பார்த்தாள். படியேறும்போது அவன் பின்னாலேயே வந்தான். பாதிப் படியில் நின்று, சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பைத் தடவியபடி சொன்னான்.

"மேல ரூமுக்கு மடக்குப் பலகை ஒண்ணு போடலாம். சுவத்துலேந்து எறங்கும். வேணாங்கறப்ப மேல ஏத்திக்கலாம். நான் ஒரு தடவ வந்து அளந்துக்கட்டுமா?"

அவள் நின்றாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மருந்துக்கடைக்குப் போறோம். நீ வாசல்ல நில்லு. வாயத் தொறக்காத, நான் பேசிக்கறேன். வர்ற அஞ்சாயிரத்துல மரம் வாங்குன கடன் போக மிச்சம் உன்னோடது. உன் பங்கு எதுவோ அத ஒண்ணாந்தேதி நீயே கொண்டாந்து கொடு. நான் எடுத்துக்க மாட்டேன். நீயா கொடுக்கணும்."

"சரி."

"இனிமே யாருக்கு என்ன செஞ்சாலும், விலை என்னன்னு கேட்டா, வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு சொல்லு."

"எந்த வீட்டுல?" அவன் உண்மையாகவே கேட்டான்.

"இந்தப் படியில ஏறி வந்து கேட்டுட்டுப் போ. முதல்ல பணம், அப்புறம் டேப்பு."

மறுநாள் பத்து மணிக்கும் மருந்துக்கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் அவர் கை கழுவும்வரை, கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்த அலமாரியின் அருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதமாக அது காசு வராமல் இங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து. அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை; கை கழுவிவிட்டு ஐந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தார்.

மாதம் பிறந்த அன்று காலை, அவள் ஈரத்துணியைக் கம்பியில் போடும்போது படிக்கட்டின் கிணறு போன்ற நடுப்பகுதி வழியாகக் கீழே பார்த்தாள். அவன் ஏறி வந்துகொண்டிருந்தான். தோளில் ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லை. முக்காலி இல்லை, தட்டு இல்லை, ஒரு கட்டைத் துண்டுகூட இல்லை. வெறுங்கையைப் பார்த்ததும் பழைய கோபம் வழக்கம்போல் எழுந்து பாதி தூரம் வந்தது.

மூன்றாம் மாடிக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினான். வேர்வையில் உறையும் கொஞ்சம் நனைந்திருந்தது.

அவள் பிரித்துப் பார்த்தாள். சொன்னது இருந்தது. உறையை இரண்டாக மடித்தாள், விரிப்பு மடிக்கிற அதே கச்சிதத்தோடு.

"செருப்ப வெளிய விட்டுட்டு வா," என்றாள்.

அணில் ஓடிவந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவன் முதலில் அளந்தது கதவை.